கழனிப் பாதையில் ஒரு கேட்

விசாரணைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. நர்மதாவுக்கு அதற்குள்ளேயே இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கலாம் போலிருந்தது. எழுந்தால் போனை எடுக்கலாம் போலிருந்தது. போனை எடுத்தால் விரல் தானாகப் போய் அந்த மேப்பைத் திறந்தது. நாவல்கண்டிகை ஊரிலிருந்து ஏரிக்கரையோரமாகக் கழனிகளுக்குப் போகிற பாதை அதில் ஒரு கோடாக இருந்தது. கோட்டைத் தொட்டால் 'தனியார் வழி, பொதுமக்களுக்கு அனுமதி இல்லை' என்று வந்தது. அதற்குக் கீழே, அப்படி எழுதியது யார் என்றும் வந்தது. நர்மதா என்று, நல்ல கொட்டை எழுத்தில்.

"கொழம்பு அடி பிடிக்குது. வாசன ஊடு பூரா வருது," என்றான் அவள் புருஷன் தணிகைவேல். "அந்தப் போனக் கீழ வெச்சுட்டு அடுப்பப் பாரேன்."

"நீ பாரேன். உனுக்குக் கை இல்லியா?"

தணிகைவேல் எழுந்துபோய் அடுப்பை அணைத்தான். இந்த வாரம் அவளிடம் வாயைக் கொடுத்து யாரும் மீண்டதில்லை. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாமனார் ஆதிநாராயணன் மட்டும் தெருவைப் பார்த்துச் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"கைய வெச்சுக்கினு சொம்மா இருந்திருந்தா இந்தப் பேஜாரு வருமா? மேப்பாம் மேப்பு. ஊர்ப் பாதைய ஊராளே எழுதிக் குடுத்த கத எங்கியாச்சும் உண்டா?"

நர்மதாவுக்குச் சுருக்கென்று ஏறியது. மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே மனுஷர் டீக்கடையில் நின்றுகொண்டு, "எம் மருமவ போன்ல ஒரு தட்டு தட்டினா லாரிங்கோ எல்லாம் ரிவர்ஸ்ல போவுது," என்று அளந்துவிட்டவர். அன்றைக்கு மருமகள், இன்றைக்கு மேப்பு. வசதிக்குத் தகுந்த மாதிரி மறந்துபோவதில் நாவல்கண்டிகைக்காரர்களை யாராலும் அடித்துக்கொள்ள முடியாது.

நடந்தது இதுதான். நர்மதா தேர்வாய் கண்டிகை சிப்காட்டில் ஒரு குழாய்க் கம்பெனியில் டிஸ்பேச் பார்க்கிறவள். டிஸ்பேச் என்றால் பில் போடுவதும் லோடு ஏற்றுவதும் மட்டும் இல்லை. கவரைப்பேட்டையிலோ பெரியபாளையத்திலோ வழி தெரியாமல் நின்றுகொண்டு போன் பண்ணும் டிரைவர்களுக்கு வழி சொல்வதும் அவள் தலையில்தான் விடிந்தது. ராஜஸ்தான்காரனுக்கு, "வேப்பமரத்தாண்ட லெஃப்டு" என்று எந்த மொழியில் சொல்வது? அப்போதுதான் இந்த மேப் கிடைத்தது. எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லாத மேப். யார் வேண்டுமானாலும் தங்கள் ஊரை அதில் வரையலாம், தப்பு இருந்தால் திருத்தலாம். டிரான்ஸ்போர்ட்காரர்களின் வழிகாட்டி ஆப் இதிலிருந்துதான் வழி எடுத்தது. கம்பெனிக்கு வரும் ரோட்டைத் திருத்தினாள். மறுவாரமே டிரைவர்களின் போன் குறைந்தது. அதிலிருந்து அவளுக்கு அது பித்தாகவே பிடித்துக்கொண்டது. ரேஷன் கடை, அங்கன்வாடி, பால் சொசைட்டி, சுடுகாடு, தண்ணி டேங்க் என்று ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டியில் சுற்றிச் சுற்றி ஊரையே வரைந்து முடித்தாள். காலனித் தெருக்களை மட்டும் இன்னும் போடவில்லை. ஒரு நாள் போகவேண்டும் என்று இருந்தாள்.

மேப்பில் கழனிப் பாதையும் ஏறியது. ஏறியதும் வந்தது வினை. அது வண்டி மாடு போகிற மண் பாதை. வழிகாட்டி ஆப்புக்கு மண்ணாவது தாராவது, எது குறுக்கு வழியோ அதைச் சொல்லும். ஐப்பசி மழையில் பன்னிரண்டு சக்கர லாரி ஒன்று அதை நம்பி உள்ளே நுழைந்து, மதகுக்குப் பக்கத்தில் அச்சுவரை இறங்கி, அதைத் தூக்க வந்த கிரேனும் இறங்கி, ஆதிநாராயணனின் நாற்றங்கால் முழுக்கச் சேறாகிப்போனது. அடுத்த வாரம் இன்னொரு லாரி. கோயில் மைதானத்தில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். நர்மதாவைக் கூப்பிட்டார்கள்.

"நீதான் இதுல இன்னாவோ பண்றியேம்மா. லாரி வராத மாதிரி எதுனா பண்ணு."

அதில் கனரக வண்டிக்குத் தடை என்று போட ஒரு இடம் இருந்தது. அது அவளுக்குத் தெரியும். போடலாம் என்றுதான் பார்த்தாள். "தடைன்னா எந்த டிரைவர் மதிக்கிறான்? தனியார்னு போடு, எவனும் நொழைய மாட்டான்," என்று நாலு பேர் சொன்னார்கள். மாமனார் ஐந்தாவதாகச் சொன்னார். அங்கேயே நின்றுகொண்டு, எல்லாரும் எட்டிப் பார்க்க, தனியார் என்று போட்டாள். லாரி நின்றது. ஊரே அவளைத் தலைமேல் வைத்துக் கூத்தாடாத குறைதான்.

லாரி மட்டுமா நின்றது? ஆத்தூர்ப் பக்கமிருந்து வரும் அறுப்பு மெஷின்காரன் போனைப் பார்த்துத்தான் வருவான். அவன் சிப்காட் தார் ரோட்டில் சுற்றிக்கொண்டு வந்தான். நெல் வியாபாரியின் வண்டி அப்படியே வந்தது. பின்னாலேயே ஊர்க்காரர்களும். தார் ரோடு சுற்றுதான், ஆனால் வழவழவென்று இருந்தது, பைக்கில் ஐந்து நிமிஷம். மண் பாதையில் குலுங்கிக்கொண்டு போக யாருக்குப் பைத்தியம்? கழனிப் பாதையில் புல் முளைத்தது, புல்மேல் கருவேலம் முளைத்தது.

போன வருஷம் பாதைக்கு இரண்டு பக்கமும் இருந்த பட்டா நிலத்தை ஒரு பிளாஸ்டிக் பெட்டிக் கம்பெனி வாங்கியது. ஏரிக்கரைப் பக்கம் தவிரச் சுற்றிலும் கம்பி வேலி போட்டது. வேலியோடு வேலியாக, பாதையின் குறுக்கே ஊர்ப் பக்கத்தில் ஒரு இரும்பு கேட்டும் போட்டது. அந்தக் கேட் வந்து எத்தனையோ நாள் கழித்துத்தான் ஊருக்கே தெரிந்தது. அதுவும் ஆதிநாராயணன் டிராக்டரில் டீசல் மிச்சம் பிடிக்கலாமென்று குறுக்கே போய் முட்டி நின்றபோது. சண்டை போடப் போனவர்களைக் கம்பெனியின் அட்மின் மேனேஜர் அன்புராஜ் உட்காரவைத்து டீ கொடுத்தார்.

"இது யூஸ்ல இல்லாத பாதை சார். இதுக்குப் பதிலா வேற எடம் குடுக்கறோம்னு கவர்மென்டுக்கு எழுதியிருக்கோம். நாங்களா சொல்லல, உங்க ஊர்க்காரங்களே தனியார்னு போட்டுக்கிறாங்க, பாருங்க." டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினார். நர்மதாவின் பெயரை ஆதிநாராயணனே எழுத்துக்கூட்டி வாசித்தார்.

அந்த விசாரணைக்குத்தான் தாசில்தார் நேரில் வந்து பார்ப்பார். பாதை பொதுமக்கள் உபயோகத்தில் இருக்கிறதா இல்லையா என்று எழுதுவார். இல்லை என்று எழுதிவிட்டால் பாதை கம்பெனிக்குப் போய்விடும். போனது போனதுதான். மழைக் காலத்தில் சிப்காட் ரோட்டில் தண்ணீர் தேங்கினால் கழனிக்குப் போக வேறு வழியே கிடையாது. அந்தப் பயம் இப்போதுதான் எல்லாருக்கும் வந்திருந்தது.

அன்று சாயங்காலம் நர்மதா பொறுக்கமாட்டாமல் மேப்பைத் திருத்தினாள். தனியார் என்பதை எடுத்துவிட்டுப் 'பொது வழி' என்று போட்டாள். நெஞ்சு லேசானது. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து பார்த்தால் பழையபடி தனியார் என்றே இருந்தது. மார்த்தாண்டத்திலிருந்து பிரின்சி என்கிற பெண் மாற்றியிருந்தாள். இந்த மாதிரி மேப்பில் முன்பின் தெரியாத ஆட்கள் ஒருவர் எழுதியதை ஒருவர் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். கூடவே ஒரு செய்தியும் அனுப்பியிருந்தாள்.

"அக்கா, சாட்டிலைட் படத்தில் குறுக்கே கேட் தெரிகிறது. மூன்று வருஷம் தனியார் என்று இருந்ததை ஏன் திடீரென்று மாற்றுகிறீர்கள்?"

நர்மதா நடந்ததையெல்லாம் ஒரு பாட்டம் எழுதித் தள்ளினாள். பதில் உடனே வந்தது.

"பத்திரத்தில் என்ன இருக்கிறது என்பதை நாம் தீர்மானிக்க முடியாது அக்கா. நடக்கவேண்டும் என்று நாம் நினைப்பதையும் எழுதக் கூடாது. அன்றைக்கு நீங்கள் எழுதியது அதுதான், இன்றைக்கு எழுதுவதும் அதுதான். நேரில் போய்ப் பாருங்கள். யாராவது அந்த வழியாகப் போகிறார்களா? போகிறார்கள் என்றால் நானே மாற்றித் தருகிறேன்."

"மார்த்தாண்டத்துல ஒக்காந்துக்கினு எனுக்கு எங்கூர்ப் பாதையப் பத்திப் பாடம் எடுக்கறா," என்று தணிகைவேலிடம் பொரிந்தாள். ஆனால் அந்தக் கேள்வி உள்ளே போய்த் தைத்துவிட்டது. யாராவது போகிறார்களா? அவள் போகவில்லை. புருஷன் போகவில்லை. மாமனார் டிராக்டரில் ஒரு நாள் போய் முட்டிக்கொண்டதோடு சரி. நாங்கள் உபயோகிக்கிறோம் என்று தாசில்தாரிடம் சொன்னால் அதுவும் பொய்தான். ஒரு பொய்யை எழுதி வைத்தோம், அது பாட்டுக்கு நிஜமாகிவிட்டதே என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் டப்பாவில் சோற்றைக் கூடக் கட்டாமல் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போனாள். பெரிய கேட். நீலப் பெயிண்ட், கைப்பிடி அளவுக்குப் பூட்டு. அந்தப் பக்கம் புல் இடுப்பளவு நின்றது. பார்க்கப் பார்க்க அவளுக்கு அழுகை வரும் போலிருந்தது. சரி, கேட்டையாவது ஒழுங்காகப் படம் எடுப்போம் என்று பக்கவாட்டில் போனபோதுதான் அதைப் பார்த்தாள். கேட் தூணுக்கும் கம்பி வேலிக்கும் நடுவே வேலியின் கட்டு அவிழ்ந்து ஒரு சந்து இருந்தது. ஒருக்களித்தால் ஓர் ஆள் போகலாம். சந்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தரை தேய்ந்து வெள்ளையாக இருந்தது. புல்லுக்கு நடுவே அந்த வெள்ளைத் தடம் ஏரிக்கரை வரைக்கும் போனது. தினமும் பல கால் மிதிக்காமல் அப்படித் தேயாது.

அவள் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்போதே பின்னால் பேச்சுக்குரல் கேட்டது. காலனிப் பெண்கள் ஏழெட்டுப் பேர், கையில் தூக்குப் பாத்திரமும், தோளில் பழைய முழுக்கைச் சட்டையுமாக வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் தமிழ்செல்வி. நடவென்றாலும் களையென்றாலும் ஆள் சேர்த்துக்கொண்டு வருகிறவள் அவள்தான். நர்மதாவைப் பார்த்ததும் கூட்டத்தின் பேச்சு நின்றது.

"இன்னாம்மா, இந்நேரத்துல இங்க?" என்றாள் தமிழ்செல்வி.

"நீங்க எங்க போறீங்கோ?"

"இன்னா கேள்வி இது. உங்க மாமனார் கழனிக்குத்தான், களை எடுக்க."

"இப்படியா போறீங்கோ?"

"வேற எப்படி? தார் ரோட்ல சுத்திக்கினு நடந்தா போறதுக்கே பொழுது ஆயிடும். அப்பால களைய யாரு எடுக்கறது? உங்க மாமனார் வந்து நிக்கறப்ப நாங்க கழனியில இல்லன்னா உடுவாரா?"

ஆதிநாராயணன் தினமும் எட்டரை மணிக்குப் பைக்கில் தார் ரோட்டோடு போவார். போகும்போது பெண்கள் குனிந்து களை எடுத்துக்கொண்டிருப்பார்கள். எப்படி வந்தார்கள் என்று அவர் கேட்டதில்லை. நர்மதாவும் கேட்டதில்லை. அவர்கள் போகிற நேரம் அவள் அடுப்படியில் இருப்பாள், திரும்புகிற நேரம் கம்பெனியில் இருப்பாள். சந்தோஷம் அவளுக்குத் தலைக்கு ஏறியது.

"தமிழ்செல்வி! நாளைக்கு தாசில்தாரம்மா வர்றாங்க. இத்தச் சொன்னாப் போதும், பாதை எங்கியும் போவாது. மேப்புலயும் எழுதிடறேன், தெனமும் ஆளுங்க போறாங்கன்னு."

தமிழ்செல்வியின் முகம் மாறிவிட்டது.

"எழுதாதம்மா."

"ஏன்?"

"எழுதின அன்னிக்கே அடச்சிடுவானுங்க. வாச்மேன் ஒரு வடக்கத்திப் பையன், பாத்தும் பாக்காத மாதிரி இருக்கறான். மேல இருக்கறவங்களுக்குத் தெரிஞ்சா அவன் வேலையும் போவும், எங்க வழியும் போவும். களை சீஸனு இப்பதான் ஆரம்பிச்சிகிது. எழுதாதம்மா. நீ எங்களப் பாக்கல, நாங்க உன்னப் பாக்கல."

மற்றப் பெண்களும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நர்மதா, "சரி," என்றாள். "எழுதல."

"சத்தியமா?"

"சத்தியமா."

ஒவ்வொருத்தியாக ஒருக்களித்து உள்ளே போனார்கள். தூக்கை முதலில் நீட்டி, அப்புறம் தோளை நுழைத்து, அப்புறம் சேலையைச் சுருட்டி இழுத்துக்கொண்டு. பழகின உடம்பு, யாருக்கும் கம்பி கீறவில்லை.

அன்றைக்குக் கம்பெனியில் அவள் பண்ணாத தப்பில்லை. ஹைதராபாத் போகவேண்டிய லோடுக்கு ஓசூர் பில்லைப் போட்டாள். டிரைவர் கேட்ட வழிக்கு இல்லாத ஊரைச் சொன்னாள். சூப்பர்வைசர் இளமதி, "உடம்பு சரியில்லன்னா பர்மிஷன் போட்டுக்கினு போயேன்," என்றாள். போய் என்ன பண்ண? பார்த்ததைச் சொன்னால் சந்து போய்விடும். சொல்லாவிட்டால் பாதையே போய்விடும், பாதையோடு சந்தும்தான் போகும். கணக்கு என்னவோ சொல் என்றுதான் வந்தது. ஆனால் சத்தியம் பண்ணியிருக்கிறாளே.

சாயங்காலம் தணிகைவேலிடம் சொன்னாள். அவன் கேட்ட மாத்திரத்தில் துள்ளினான்.

"இத்த வெச்சுக்கினா நீ பேசாம இருக்கற? நாளைக்கு மொத வேலையா சொல்லிடு."

"எழுதமாட்டேன்னு வார்த்த குடுத்துட்டேன்."

"யாருக்கு?"

"தமிழ்செல்விக்கு."

"அட," என்றான் தணிகைவேல். "நான் யாருக்கோன்னு பாத்தேன்."

அந்த 'அட' அவளுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. சண்டை போடலாமென்று வாயைத் திறந்தாள். அப்புறம், தன் மனசிலும் அதே 'அட' எங்கோ ஓரத்தில் உட்கார்ந்திருப்பது தெரிந்து வாயை மூடிக்கொண்டாள். படுத்தும் தூக்கம் வரவில்லை.

தாசில்தார் பத்து மணிக்கே ஜீப்பில் வந்துவிட்டார். நடுத்தர வயசு அம்மாள், வெயிலுக்குக் குடை, கூடவே சர்வேயரும் கிராம நிர்வாக அலுவலரும். கம்பெனிப் பக்கம் அன்புராஜ், டேப்லெட்டோடு. ஊர்ப் பக்கம் இருபது ஆம்பளைகளும் நர்மதாவும்.

"பாதையை யாரு உபயோகப்படுத்தறீங்க?" என்றார் தாசில்தார்.

"நாங்கதாம்மா, தெனமும்!" என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். ஆதிநாராயணன் ஒரு அடி முன்னால் வந்து, "எங்க தாத்தா காலத்துலருந்து நான் இந்தப் பாதையிலதான் போய்க்கினு வந்துகினு இருக்கறேன்," என்றார்.

"இன்னிக்குக் காலையில கழனிக்குப் போனீங்களா?"

"போவாம?"

"எப்படிப் போனீங்க?"

ஆதிநாராயணனின் கண் தானாகத் தார் ரோட்டுப் பக்கம் போனது. தார் ரோட்டு ஓரத்தில் நின்ற அவருடைய பைக்கின் டயரில் ஒரு பொட்டு மண் கூட இல்லை. அன்புராஜ் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார். பிறகு டேப்லெட்டை நீட்டினார். தாசில்தார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"நர்மதா யாரு?"

"நான்தான் மேடம்." கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "நான்தான் போட்டேன். தனியார் இல்லன்னு தெரிஞ்சேதான் போட்டேன். லாரி வரக்கூடாதுன்னு ஊரே கேட்டுக்கிச்சு."

"லாரி வரலியா?"

"வரல மேடம்."

"நீங்களும் வரல போலிருக்கே." தாசில்தார் புல்லைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார். சர்வேயரின் பக்கம் திரும்பி, "உபயோகத்தில் இருப்பதற்கான அடையாளம் இல்லைன்னு எழுதிக்குங்க," என்றார். அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கண்ணால் பார்த்ததைச் சொன்னார், அவ்வளவுதான். இருபது ஆம்பளைகளும் நர்மதாவைப் பார்த்தார்கள். இந்தப் பாதை போனால் சாகும்வரை இந்த ஊரில் இது அவள் பேரில்தான் இருக்கும்.

"மேடம், ஒரு நிமிஷம்," என்றாள். "தோ, இப்படி வந்து பாருங்க."

தூணுக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போய் வேலியைத் தள்ளிக் காட்டினாள். வெள்ளைத் தடம் வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. தாசில்தார் குடையை மடக்கிவிட்டுக் குனிந்து பார்த்தார். புழுதியில் செருப்புத் தடமும் வெறுங்கால் தடமும் நிறைய இருந்தன. சர்வேயர் படம் எடுத்தார், அளந்தார்.

"யாரு போறாங்க இதுல?"

"களை எடுக்கற பொம்பளைங்க மேடம். தெனமும் போறாங்க. எங்க கழனிக்குத்தான்."

"இப்படியா வர்றாளுங்க?" என்றார் ஆதிநாராயணன், நிஜமான ஆச்சரியத்தோடு.

"அவங்கள்ல யாராவது வந்திருக்காங்களா?" என்று கேட்டார் தாசில்தார்.

"வேலையில இருப்பாங்க மேடம், கரைக்கு அந்தாண்ட," என்றார் கிராம நிர்வாக அலுவலர்.

"நோட்டீஸ் அவங்களுக்குப் போச்சா?"

"ஊர் வாட்ஸ்அப் குரூப்ல போட்டுட்டேன் மேடம்."

அந்தக் குரூப்பில் காலனி ஆள் ஒருத்தரும் இல்லை என்பது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். யாரும் சொல்லவில்லை. நர்மதாவும் சொல்லவில்லை, அவள் தாசில்தாரின் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். விவசாயக் கூலிகள் அன்றாடம் உபயோகிக்கும் பாதை, நிலப் பரிமாற்றத்துக்குப் பரிந்துரை செய்ய இயலாது, கேட்டை அகற்ற உத்தரவு பிறப்பிக்கலாம் என்று பேனா எழுதியது. அன்புராஜின் முகம் சுருங்கிவிட்டது. ஜீப் போனதும் ஆம்பளைகள் விசில் அடித்தார்கள். ஆதிநாராயணன் எல்லாருக்கும் டீ சொன்னார். "எம் மருமவ இல்லன்னா இன்னிக்குப் பாதை போயிருக்கும்," என்றார், காலையில் ஒன்றுமே நடக்காத மாதிரி. விஷயத்தைச் சொன்னதும் பிரின்சி மேப்பை மாற்றி, கையெடுத்துக் கும்பிடும் படம் ஒன்றையும் அனுப்பினாள். நர்மதா டீயைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். அது ஆறிப்போனது.

அடுத்த நாள் விடிந்ததும் அவளால் வீட்டில் இருக்க முடியவில்லை. கேட்டுக்குப் போனாள். சந்து இருந்த இடத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு தகரம் பற்றவைத்திருந்தார்கள். பற்றவைத்த விளிம்பு இன்னும் கருப்பாக இருந்தது. வாச்மேன் கூண்டில் வேறு ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். தகரத்துக்கு இந்தப் பக்கம் தமிழ்செல்வியும் மற்றவர்களும் தூக்கைக் கீழே வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தார்கள். நர்மதாவைப் பார்த்தும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

"தாசில்தாரம்மா நல்லபடியா எழுதிக்கினு போயிக்கிறாங்க," என்றாள் நர்மதா. "பாதை நம்பளுதுதான். கேட்டே எடுத்துடுவாங்க."

"எப்போ?"

"ஆர்டரு வரணும். ஆர்டிஓ ஆபீஸ் போய் வரணும்."

"களை முடிஞ்சிடும் அதுக்குள்ள," என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி.

"நான் வேற இன்னா பண்றது தமிழ்செல்வி?" என்றாள் நர்மதா. "யாரும் போறதில்லன்னு எழுதப் போனாங்க. சொல்லாம உட்டிருந்தா பாதையே போயிருக்கும். உங்களையும் கூட்டிக்கினு வந்து காட்ட முடியாது, நீங்கதான் எழுதாதன்னு சொல்லிட்டீங்கோ."

தமிழ்செல்வி குனிந்து தன் தூக்கை எடுத்துக்கொண்டாள்.

"எழுதாதன்னு சொன்னோம்," என்றாள். "வரமாட்டோம்னு சொன்னோமா? கூப்ட்டிருந்தா ஒரு நாள் கூலி போனா போவுதுன்னு எல்லாரும் வந்து நின்னிருப்போம். நாங்கதான் போறோம், இத்தத் தொறந்து உடச் சொல்லுன்னு அந்தம்மா மூஞ்சிக்கு நேரா கேட்டிருப்போம். அன்னிக்கு இங்க நின்னு அவ்ளோ நேரம் எங்கைல பேசினியே, ஒரு வார்த்த கூப்ட்டியா?"

கூப்பிடலாம் என்று நர்மதாவுக்குத் தோன்றவே இல்லை. பெண்கள் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு தார் ரோட்டுப் பக்கம் திரும்பி நடக்க ஆரம்பித்திருந்தார்கள்.